மூன்றாவது அலசல்

2003 ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் குழாயில் காவேரித் தண்ணீர் வரவில்லை. மல்லேஸ்வரத்தில் எங்கள் கிராஸ் தெருவுக்கு மட்டும் ஏதோ சாபம். வருகிற நாளிலும் முக்கால் மணி நேரம் மூக்கால் அழுதுவிட்டுப் போகிறது. தரைக்கடியில் சம்புத் தொட்டியில் பாதிதான் இருக்கிறது. ரோஜா முப்பத்தொரு தொட்டி, பெரணி இரண்டு வரிசை, முன்வாசலில் துளசி — எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், பெருமாள் திருமஞ்சனத் தண்ணீர் எதுவானாலும் செடிக்குத்தான் போகும். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் அணை, வாய்க்கால் என்று அலைந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக் கூடாது. இது என் சட்டம்.

இப்படி நான் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது பதினோரு மணிக்கு ரமா ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். கூடவே எட்டு ரப்பர் உடுப்பு, எட்டு முகமூடி, எட்டு மூச்சுக் குழாய்.

"என்னது இது, ஊரார் மூட்டையெல்லாம் நம்மாத்துல?"

"கிளப்போடது. இனிமே நான்தான் கழுவித் தரேன்னு சொல்லிட்டேன்."

காரணம் கேட்டால் — எச்சில்! ஸ்கூபா பழகுகிறவர்கள் தண்ணீருக்குள் வாயில் ஒரு ரப்பர் துண்டைக் கடித்துக்கொண்டுதான் மூச்சு விட வேண்டும். மவுத்பீஸ் என்கிறாள். ஒன்பது மணிக்கு ஒருத்தர் கடித்ததைப் பத்து மணிக்கு இன்னொருத்தர் கடிக்கிறார். நடுவில் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான் சுத்தம். "ஊரோட எச்சில்னா! டம்ளரையே தூக்கிக் குடிக்கறவ நான். போன வாரம் எனக்குக் குடலைப் பிரட்டிடுத்து." அதற்காகக் கிளப்பையே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவதா? அவளைக் கேட்டுப் பயனில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நீச்சல் குளத்தில் குதித்தவள், யார் பேச்சைக் கேட்பாள்?

ஜனவரி 19, ஞாயிறு

திட்டலாம் என்றுதான் பின்கட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

துவைக்கிற கல் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை டப்பில் ரப்பர் உடுப்புகள். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ இரண்டு மூடி விட்டு, கையால் அமுக்கி அமுக்கி எடுக்கிறாள். பிழியக் கூடாதாம், விரிசல் விடுமாம். வெயிலில் போடக் கூடாதாம், நிழலில்தான் காய வேண்டுமாம். என் வெள்ளை வேட்டிக்கே இத்தனை உபசாரம் நடந்ததில்லை. மவுத்பீஸ்களை மட்டும் தனியாகக் கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்து, எட்டையும் மணையில் வரிசையாக வைத்தாள். வங்கியில் முப்பது வருஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த கை. ஒன்றுகூட வரிசை பிசகவில்லை.

கழுவிய தண்ணீரையெல்லாம் ரோஜாவுக்கு ஊற்றினேன். ஷாம்பூதானே, ஒன்றும் செய்யாது. எனக்கும் இரண்டு வாளி லாபம்.

"எதுக்கு ரமா இத்தனை?" என்று கேட்டேன்.

"ஏப்ரல்ல லட்சத்தீவு கூட்டிண்டு போறா. எட்டே பேர். அதுல நானும் ஒருத்தி. ஒரே ஒரு தடவை கடலுக்கு அடியில போய்ப் பாத்துட்டு வந்துடணும்னா. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அவள் இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதாக நினைவில்லை. புடவைகூட நான் எடுத்ததுதான்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்ததும் அவளோடு குளத்துக்குப் போனேன். இன்று அவளுக்குப் பரீட்சை.

மௌரீனை முதல் முறையாகப் பார்த்தேன். கிளப் அவளுடையதுதான். காக்ஸ் டவுன்காரி, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வயது இருக்கும். வெட்டிவிட்ட வெள்ளை முடி. தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஸார், இன்னிக்கி உங்க ஒய்ஃப் என்ன செய்றாங்க பாருங்க. சும்மா கிண்டல் பண்ணிட்டு நிக்காதீங்க."

ரமா ரப்பர் உடுப்பில் வந்தாள். சிரிப்பு வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். ஆனால் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மூக்கு வெறிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி — கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கழற்றாதது. ஆழத்தில் காதடைப்பு போக மூக்கைப் பிடித்து ஊத வேண்டுமாம், மூக்குத்தி குத்துகிறதாம். கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் கொடுத்தாள். வேறு யாராவது வீட்டில் இதற்கு ஒரு வாரம் மாநாடு நடந்திருக்கும்.

பரீட்சை இதுதான்: குளத்தின் அடியில் ஒருவருக்குக் காற்று தீர்ந்துபோனதாகப் பாவனை. இருவருக்கும் ஒரே மவுத்பீஸ். இரண்டு மூச்சு நீ, இரண்டு மூச்சு நான் என்று மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டே மேலே வர வேண்டும். ரமாவுக்கு ஜோடியாக வாய்த்தவன் சஞ்சய். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பிள்ளை. எனக்குக் கவலை மூச்சைப் பற்றி இல்லை, எச்சிலைப் பற்றி. இவள் எங்கே அவன் வாயிலிருந்து வாங்கிக் கடிக்கப்போகிறாள்! ஏறிவந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கடித்தாள். விளிம்பில் நின்று பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது. வாங்கினாள், இரண்டு மூச்சு, கொடுத்தாள். அவன்தான் பதறினான். இவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே கூட்டி வந்தாள். அடேயப்பா, என்ன நிதானம்! குமிழி குமிழியாக இரண்டு பேரும் எழும்பி வந்தபோது நான் கை தட்டினேன். குளமே திரும்பிப் பார்த்தது.

காரில் கேட்டேன். "எப்படி முடிஞ்சுது உன்னால?"

"அந்தப் பிள்ளை கண்ணைப் பாத்தேளா? பயம். அதுக்கப்புறம் எச்சிலாவது ஒண்ணாவது." சிக்னல் தாண்டியதும், "மேல வந்து பத்து தடவை கொப்புளிச்சேன், அது வேற விஷயம்."

பிப்ரவரி 9, ஞாயிறு

காவேரி இல்லை, ஐந்தாவது நாள். மௌரீன் ஏதோ புது மருந்து கொடுத்திருக்கிறாளாம், ஆஸ்பத்திரியில் கருவி ஊறவைப்பது. ரமா மதியம் பக்கத்து வீட்டு ராதா கூப்பிட்டாள் என்று மஞ்சள் குங்குமத்துக்குக் கிளம்பினாள். போகும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பேப்பரில் இருந்தேன், 'ம்' என்றேன். மூன்று மணிக்குப் பார்த்தால் கல்லடியில் பச்சை டப், சிவப்பு டப் இரண்டும் நிறையத் தண்ணீர். சிவப்பின் மேல் பலகை போட்டு மூடியிருந்தது. லேசான ஆஸ்பத்திரி வாசனை. ரப்பர் என்றால் நாறத்தானே செய்யும். எடுத்து ரோஜா, பெரணி, முன்வாசல் துளசி எல்லாவற்றுக்கும் ஊற்றினேன். ஐந்து நாள் தாகம், என்னமாய் உறிஞ்சியது! இன்று ஒரு சொட்டு வீணில்லை.

இரவு: அவரைக்காய் உப்புமா. பிரமாதம்.

பிப்ரவரி 13, வியாழன்

பெரணி ஓரமெல்லாம் பழுப்பு. ரோஜாவில் ஒன்பது தொட்டி இலை சுருண்டிருக்கிறது. பூச்சியா? பூஞ்சையா? வேப்பெண்ணெய் தெளித்தேன்.

பிப்ரவரி 15, சனி

துளசி பட்டுப்போய்விட்டது. இலையைத் தொட்டால் உதிர்கிறது. பெருமாளே.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுத வேண்டும்.

காலையில் மௌரீன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். ரமா காபி கலந்துகொண்டிருந்தாள். நான் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தேன். கையில் வேரோடு பிடுங்கிய ரோஜா. கல்லடியில் அந்த மருந்துக் கேனைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இதைக் கல்லில் கொட்டிக் கொட்டித்தான் மண்ணெல்லாம் விஷம். அப்படியே வெடித்துவிட்டேன்.

"பன்னண்டு வருஷச் செடி! துளசியைக்கூட விட்டுவைக்கலை நீ! ஊரான் எச்சிலைக் கழுவறதுக்கு என் தோட்டத்தைச் சுடுகாடாக்கிட்டியே! இந்தாத்துல ஒண்ணு செடி இருக்கணும், இல்லே இந்த ரப்பர் இருக்கணும்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். கடலாவது கத்திரிக்காயாவது என்றேன். இந்த வயசில் உனக்கு எதுக்கு இந்தக் கூத்து என்றேன். மௌரீன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

ரமா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? முப்பத்தொரு தொட்டியில் பத்தொன்பது போயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

எட்டு செட்டையும் ஆட்டோவில் ஏற்றிக் காக்ஸ் டவுன் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஏப்ரல் பயணத்துக்குத் தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டாளாம். மூக்குத்தியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

சாத்தமுது, ரசவாங்கி, எல்லாம் நேரத்துக்கு வருகிறது. கேட்டால் பதில் வருகிறது. "ஏன்னா, தபால் வந்திருக்கு." "ஏன்னா, கேஸ்காரன்." அவ்வளவுதான். சண்டை போட்டால்கூடத் தேவலை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை எட்டரைக்கு அவள் கூடத்தில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். குளத்துக்குக் கிளம்புகிற நேரம். ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படித்தாள்.

பிப்ரவரி 24, திங்கள்

போச்சு.

மிச்சம் இருக்கிற செடிகளுக்கு என்ன வைத்தியம் பார்ப்பது என்று, கடைசியாக வேப்பம் புண்ணாக்கு எந்தத் தேதியில் வைத்தேன் எனப் பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி 9 கண்ணில் பட்டது. என் கையெழுத்து. சிவப்பு டப். ஆஸ்பத்திரி வாசனை. ரோஜா, பெரணி, முன்வாசல் துளசி. இன்று ஒரு சொட்டு வீணில்லை!

நான்தான். என் கையாலதான். பலகை போட்டு மூடி வெச்சுட்டுப் போயிருக்கா, சொல்லிட்டும் போயிருக்கா, நான் 'ம்'னு சொல்லிட்டு — அட முட்டாளே! எத்தனை பேச்சு பேசினேன்! அவள் ஆசையா கேட்டது அந்த ஒண்ணுதான். அதையும் புடுங்கி எறிஞ்சாச்சு. செடி போனது பெரிசா? மௌரீன் எதிர்ல அவள் முகம் போன போக்கு...

எப்படிச் சொல்வேன்?

பிப்ரவரி 25, செவ்வாய்

காபி குடிக்கும்போது சொல்ல நினைத்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன்.

பிப்ரவரி 26, புதன்

சாப்பிடும்போது சொல்ல நினைத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்றேன்.

பிறகு வெட்கத்தை விட்டுத் தனியாக மௌரீன் வீட்டுக்குப் போனேன். உண்மையை அங்கேயும் சொல்ல வாய் வரவில்லை. ஏப்ரல் பயணத்தில் ரமாவுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஃபுல் ஆயிடிச்சி ஸார். ரமா போக மாட்டேன்னு சொன்ன அன்னிக்கே அந்த சீட் போயிடிச்சி. அதுக்கப்புறம் மழை வந்துடும், கடல் மூடிடுவாங்க. நவம்பர்தான்." என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தணித்துச் சொன்னாள். "முப்பது வருஷமா நீச்சல் சொல்லிக் குடுக்கறேன் ஸார். தண்ணிக்குள்ள பயப்படாதவங்க நிறைய வருவாங்க. அடுத்தவங்க பயத்தைப் பாத்துக்கறவங்க ரொம்பக் கம்மி. அவங்களை நீங்க வீட்ல உக்கார வெச்சிட்டீங்க."

அந்த மருந்தில் ஒரு சீசா கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்டாள். செடிக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாதவன் என்ன செய்வான்? எந்த அலசல் தண்ணீர் செடியைக் கொல்லாது என்று சோதனை செய்வான். காலி தயிர்க் கப் ஐந்து. ஒவ்வொன்றிலும் மண், இருபது வெந்தயம். மௌரீன் சொன்ன அளவில் மருந்தைக் கலந்து, பழைய ரப்பர் செருப்பைப் பத்து நிமிஷம் ஊறவைத்து, மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசினேன். முதல் கப்புக்கு மருந்துத் தண்ணீரே. இரண்டாவதுக்கு முதல் அலசல், மூன்றாவதுக்கு இரண்டாவது அலசல், நான்காவதுக்கு மூன்றாவது அலசல். ஐந்தாவதுக்குக் காவேரி. பெயர் எழுதி ஒட்டி மாடியில் வைத்திருக்கிறேன்.

ரமா துணி உலர்த்த வந்தவள் கப்புகளைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். துணியை உலர்த்திவிட்டு இறங்கிப் போனாள்.

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் கப்: ஒன்றுகூட முளைக்கவில்லை. முதல் அலசல்: மூன்று முளைத்து மூன்றும் கருகல். இரண்டாவது: பதினொன்று, நோஞ்சான். மூன்றாவது: பத்தொன்பது. காவேரி: பத்தொன்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியவில்லை.

இனிமேல் சாக்கு இல்லை.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன்.

மாலை நாலு மணி. ரமா கூடத்தில் மாவடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த நோட்டை எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்தேன், பிப்ரவரி 9 பக்கத்தைத் திறந்து. அவள் நோட்டைத் தொடவில்லை.

"ரமா, அந்த சிவப்பு டப்பை நான்தான் —"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ராதா ஆத்துலேர்ந்து வந்த உடனேயே தெரியும். சிவப்பு டப் காலி. தொட்டியெல்லாம் ஈரம். துளசியடியில மருந்து வாசனை. ஓடிப் போய் நல்ல தண்ணி விட்டேன், சம்புலேர்ந்து மொண்டு மொண்டு விட்டேன். நீங்க தூங்கிண்டிருந்தேள்." ஒரு வடுவை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். "அதனாலதான் பன்னண்டு தொட்டியாவது பொழைச்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலை? மௌரீன் எதிர்ல அத்தனை கத்தினேனே! ஒரு வார்த்தை, நீங்கதான் ஊத்தினேள்னு ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா? போன வருஷம் ஒரு பதியன் வாடினதுக்கு ரெண்டு நாள் சாப்பிடலை நீங்க. அத்தனையும் உங்க கையாலேயே போச்சுன்னு தெரிஞ்சா என்ன ஆவேள்? என் மேல கோவம்னா ஒரு வாரத்துல ஆறிடும். உங்க மேலயே கோவம் வந்தா எங்க போய் ஆத்தறது?"

நான் அழுதேன். அறுபது வயசுக் கிழவன், மாவடுக் கூடைக்கு எதிரே உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு. இருபத்தேழு வருஷம் கூடவே இருந்திருக்கிறேன். தோட்டத்தில் எந்தச் செடிக்கு எப்போது மொட்டு வரும் என்று எனக்குத் தெரியும். இவளைத் தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் அழ விட்டாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்.

"ரொம்ப உருகாதேங்கோ. நான் ஒண்ணும் தியாகி இல்லை. எனக்கும் ஆத்திரம்தான். செடிக்காகவா திருப்பிக் கொடுத்தேன்? மௌரீன் எதிர்ல இந்த வயசுல உனக்கெதுக்குக் கூத்துன்னேளே, அதுக்காகக் கொடுத்தேன். அதோட, நீங்களா கண்டுபிடிக்கறேளான்னும் பாத்தேன். துவைக்கற கல் பின்கட்டுல. துளசி முன்வாசல்ல, ரெண்டடி மேட்டுல. பின்கட்டுல கொட்டின தண்ணி மேட்டுல ஏறி முன்வாசலுக்கு எப்படின்னா போகும்? முப்பத்தஞ்சு வருஷம் வாய்க்கால் கட்டினேளே! அன்னிக்கு நோட்டைப் பாத்து உங்க மூஞ்சி மாறினப்பவே தெரிஞ்சுது, உங்களுக்குப் புரியறதுக்கு எட்டு நாள். சொல்றதுக்கு இன்னும் ஒம்பது நாள். இன்ஜினியராம்!"

நியாயம்தான். மேட்டில் தண்ணீர் ஏறாது என்பது எங்கள் டிபார்ட்மெண்டில் பியூனுக்குக்கூடத் தெரியும்.

"இப்ப நான் என்ன பண்ணணும் சொல்லு."

"யார் எதிர்ல கத்தினேளோ அவா எதிர்ல சொல்லுங்கோ."

மார்ச் 9, ஞாயிறு

போனேன். குளக்கரையில் மௌரீன், சஞ்சய், இன்னும் ஆறு பேர், எல்லாரும் ரப்பர் உடுப்பில். நான் மட்டும் வேட்டி சட்டையில். ரமா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"செடியைக் கொன்னது நான்தான். ரமா இல்லை. அவ சொன்னதைக் கேக்காம மருந்துத் தண்ணியை எடுத்து ஊத்தினேன். மௌரீன் எதிர்ல அவளைப் பேசினது தப்பு. அவ கடலுக்குப் போகணும்." மனப்பாடம் செய்து வைத்திருந்தது இன்னும் நீளம். மீதி மறந்துவிட்டது.

சஞ்சய், "ஆன்ட்டி, என் சீட்டை நீங்க எடுத்துக்குங்க," என்றான். நல்ல பிள்ளை. ரமா கறாராகத் தலையாட்டிவிட்டாள். "உனக்கு லீவு சாங்ஷன் ஆயிடுத்து. நீ போ. போய்ட்டு வந்து சொல்லு."

மௌரீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாரி எல்லாம் ஓகே ஸார். ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து கழுவறது நீங்க. ரமா தண்ணிக்குள்ள இருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சரி என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

எட்டு செட். இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று, இடுப்பு விண்டுபோயிற்று. இதை இவள் வாராவாரம் செய்துவிட்டு, எனக்கு அடையும் வார்த்துப் போட்டிருக்கிறாள்.

ரமா மணையில் உட்கார்ந்து மேற்பார்வை. மருந்து மவுத்பீஸுக்கு மட்டும்தான், உடுப்புக்கு ஷாம்பூ போதும். அதனால் பெரிய டப் வேண்டாம், சின்ன பேசின் போதும் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். ஒத்துக்கொண்டாள், பெருமையாக இருந்தது. மருந்துத் தண்ணீரும் முதல் இரண்டு அலசலும் நேரே கழிவறைக்குப் போகின்றன. மூன்றாவது அலசல்தான் செடிக்கு. ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக் கூடாது என்ற என் சட்டத்தில் முதல் திருத்தம். முதல் பேசினைக் கவிழ்க்காமல் கையில் பிடித்தபடி நின்றேன். "விடுங்கோ, அது தண்ணி இல்லை, விஷம்," என்றாள்.

கடைசியாகக் கழுவியது ரமாவின் மவுத்பீஸ். இரண்டு பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. இவ்வளவு இறுக்கிக் கடித்திருக்கிறாளே, பயம் இவளுக்கும் உண்டு போலிருக்கிறது என்று தோன்றியது. கேட்டேன்.

"பின்னே? ஒவ்வொரு தடவையும் உண்டு," என்றாள். சர்வ சாதாரணமாக.

ஏப்ரல் 6, ஞாயிறு

மௌரீனும் எட்டுப் பேரும் இன்று கொச்சியிலிருந்து கப்பல். ரமா மத்தியானம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

காவேரி தினமும் வருகிறது. பெரணி துளிர்த்துவிட்டது. போன ரோஜாக்களுக்கு இன்னும் மாற்று வைக்கவில்லை, மனசு வரவில்லை. ரமா புதிதாக வருகிற பெண்களுக்கு மவுத்பீஸ் கடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். இன்று ஒரு பெண் குமட்டி அழுததாம். "எச்சில் இல்லைம்மா, எங்காத்துக்காரர் தன் கையால கழுவினது," என்று ரமா சொன்னாளாம். அந்தப் பெண் உடனே கடித்துவிட்டதாம். மௌரீன் போன் செய்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

நவம்பரில் கடலில் இறங்க, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சீட்டு வேண்டுமாம். நேற்றுப் போனோம். ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., நுரையீரல் எல்லாம் பார்த்தார் டாக்டர். "உங்களுக்கு ஒண்ணும் பிரச்னை இல்லைம்மா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஸார், நீங்க வேணா பி.பி. பாத்துக்குங்களேன், முகமெல்லாம் வேர்த்திருக்கு," என்றார்.

உண்மைதான். போகச் சொல்லி மூச்சு முட்டப் பேசியவன் நான். இப்போது தேதி நெருங்க நெருங்கப் பயப்படுகிறவனும் நான்தான். ஏதாவது ஆகிவிட்டால்? அதை அவளிடம் காட்டக் கூடாது. நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

நவம்பர் 14, வெள்ளி

ரமாவைக் கொச்சிக்கு ரயிலேற்றிவிட்டு வந்தேன். மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டாள். ஒரு பை, ஒரு டப்பா புளியஞ்சாதம். "கேஸை மறக்காம அணைங்கோ." சரி என்றேன். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்தேன், எல்லார் எதிரிலும். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 17, திங்கள்

போன் இல்லை. மூன்று தடவை ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

மாலை ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன். ஹலோ சொல்வதற்குள் —

"ரங்கா! ரங்கா, கேக்கறதா?"

எனக்கு ஆளே புரியவில்லை. என் முழுப்பெயர் கஸ்தூரிரங்கன். ஆபீஸில் கே.ஆர்.; சொந்தக்காரர்களுக்குக் கஸ்தூரி. ரங்கா என்று கூப்பிட்டவள் என் அம்மா ஒருத்திதான், அவளும் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது.

"பதினாலு மீட்டர் போனேன் ரங்கா! கடல் மேலேர்ந்து பாக்கறா மாதிரியே இல்லை. சத்தமே இல்லை, நம்ம மூச்சுதான் கேக்கறது. ஒரு ஆமை வந்தது, நம்ம சாப்பாட்டு மேஜை அத்தனை பெரிசு. என் பக்கத்துல வந்து நின்னு என்னைப் பாத்தது. சரி, இவளும் இங்கதான் இருக்கா போலருக்குன்னு அது பாட்டுக்குப் போயிடுத்து! நான் முகமூடிக்குள்ளயே அழுதுட்டேன். தண்ணி உள்ளயும் வெளியிலயும்!" சிரித்தாள். இப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "நீ இருக்கியா லைன்ல? ரங்கா?"

"இருக்கேன். சொல்லு," என்றேன்.

சொன்னாள். மீன், பவளம், நீலத்தில் இருக்கும் நூறு வகை நீலம், ஏழு நிமிஷம் மூச்சு விடாமல். போன் பூத்தில் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பது கேட்டது. நாளைக்குக் காலையும் இறங்குகிறாளாம். லைன் கட்டாயிற்று.

ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. இருபத்தேழு வருஷத்தில் 'ஏன்னா' தவிர வேறு எதுவும் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. 'நீ' என்றும் சொன்னதில்லை. அவள் கவனித்திருக்க மாட்டாள். ஊருக்கு வந்ததும் இதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.